ஒரு பீப்பாய்க்கு 300 பாட்டில்தான்! 'லிமிடெட்' ரெட் ஒயின் எப்படித் தயாராகிறது? விலை ஏன் இவ்வளவு?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு 'லிமிடெட் எடிஷன்' என்ற வார்த்தை புதுசு இல்லை. ஒரு பைக்கோ, காரோ, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் தனி நிறத்தில், தனி பேட்ஜுடன் வரும். எத்தனை வண்டி என்பதை முடிவு செய்வது கம்பெனிதான். டிமாண்ட் கூடினால், கூடுதல் ஷிஃப்ட் போட்டு இன்னும் ஆயிரம் வண்டிகளை இறக்கிவிட முடியும்.

ஒயினில் அந்தக் கதை நடக்காது. அந்த ஆண்டு அறுவடை முடிந்தால் முடிந்ததுதான். எத்தனை ஷிஃப்ட் போட்டாலும் கொடி மறுபடி காய்க்காது. அதனால்தான் குறைந்த எண்ணிக்கையில் தயாராகும் உயர்ரக ரெட் ஒயின் 'பிளெண்ட்'களுக்கு உலகம் முழுக்க தனி மவுசு, தனி விலை.

இந்தியாவிலும் இப்படிப்பட்ட ஒயின்கள் தயாராகின்றன. அவை எப்படி உருவாகின்றன? 'லிமிடெட்', 'ரிசர்வ்' என்று லேபிளில் போட்டிருந்தால் அதை நம்பலாமா? நம்ம ஊர் கம்பம் திராட்சையில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், பிளெண்ட் என்றால் என்ன?

காபித்தூள் கடையில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சொல்லி அரைத்து வாங்குகிறோம். ஒன்று மணத்துக்கு, ஒன்று திடத்துக்கு, ஒன்று நிறத்துக்கு. ஒயின் பிளெண்டும் அதே கணக்குதான்.

ஒரு திராட்சை ரகத்தில் நல்ல புளிப்பு இருக்கும், ஆனால் நிறம் குறைவாக இருக்கும். இன்னொன்றில் நிறமும் துவர்ப்பும் அதிகம், ஆனால் தனியாகக் குடித்தால் முரட்டுத்தனமாக இருக்கும். இரண்டையும் சரியான அளவில் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

பிரான்சின் போர்டோ பகுதியில் கேபர்நே சோவின்யோன், மெர்லோ ஆகிய ரகங்களைச் சேர்ப்பது பழைய வழக்கம். அங்கே இது ருசிக்கு மட்டுமல்ல, ஒரு வகை காப்பீடும்கூட. மெர்லோ முன்பே பழுக்கும், கேபர்நே தாமதமாகப் பழுக்கும். ஒரு ஆண்டு மழையோ, குளிரோ ஒன்றைக் கெடுத்தால் மற்றொன்று காப்பாற்றும்.

இத்தாலியின் டஸ்கனியில் 1970-களில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. ஆன்டினோரி குடும்பம் 'டின்யானெல்லோ' என்ற ஒயினில், உள்ளூர் ரகமான சாஞ்சியோவேசேயுடன் கேபர்நே சோவின்யோனைச் சேர்த்து, சின்ன ஓக் பீப்பாய்களில் ஊறவைத்தது. அப்போதைய உள்ளூர் விதிகளுக்குள் அது அடங்கவில்லை. அதனால் 'சாதாரண டேபிள் ஒயின்' என்ற பெயரில்தான் விற்க வேண்டியிருந்தது. ஆனால் தரத்தால் ஜெயித்தது. இந்த வகை ஒயின்களுக்கு பின்னாளில் 'சூப்பர் டஸ்கன்' என்று பெயரே வந்துவிட்டது.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

அந்த டஸ்கனி சூத்திரம் மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கே அக்லூஜ் பகுதியில் இருக்கிறது ஃப்ராடெல்லி நிறுவனத்தின் தோட்டம். 'ஃப்ராடெல்லி' என்றால் இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்'. டெல்லியின் செக்ரி, அக்லூஜின் மோஹிதே-பாட்டீல், இத்தாலியின் செச்சி என மூன்று குடும்பங்களின் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கியதால் அந்தப் பெயர்.

அந்த ஆறு பேருடன், டஸ்கனியைச் சேர்ந்த ஒயின் தயாரிப்பாளர் பியரோ மாஸியும் சேர்ந்தார். ஆக மொத்தம் ஏழு பேர். நிறுவனத்தின் முக்கியமான ரெட் பிளெண்டுக்கு 'செட்டே' என்றே பெயர் வைத்தார்கள். இத்தாலிய மொழியில் ஏழு என்று அர்த்தம். சாஞ்சியோவேசேயும் கேபர்நே சோவின்யோனும் சேர்ந்த கலவை இது. பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் இருந்த பிறகே பாட்டிலுக்கு வருகிறது.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் பெங்களூருவைத் தொட்டு, வடக்கே போனால் நந்தி மலை. அதன் அடிவாரத்தில் தொட்டபல்லாபுரா பக்கம் தொழிலதிபர் கன்வல் குரோவர் 1980-களில் பிரெஞ்சு ஒயின் ரகங்களை நட்டார். போர்டோவின் பிரபல ஆலோசகர் மிஷேல் ரோலான் 1990-களில் கைகோத்தார். அங்கிருந்து வந்ததுதான் கேபர்நே சோவின்யோன், ஷிராஸ் இரண்டும் கலந்த 'லா ரிசர்வ்'. 2012-ல் நாசிக் நிறுவனம் ஒன்றுடன் இணைந்து, இப்போது குரோவர் ஸாம்பா என்ற பெயரில் இயங்குகிறது.

தோட்டத்தில்: குறைவாகக் காய்க்க வைப்பதுதான் வேலை!

சாதாரணமாக விவசாயி என்ன நினைப்பார்? கொடி நிறையக் காய்க்க வேண்டும். இங்கே தலைகீழ். காய் குறைய வேண்டும்.

ஒரு கொடி தயாரிக்கும் சர்க்கரை, நிறம், மணம் எல்லாம் அதில் இருக்கும் குலைகளுக்குப் பங்காகிறது. குலை கூடினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு நீர்த்துப்போகும். அதனால் உயர்ரக ஒயினுக்கு ஒதுக்கும் கொடிகளில், பழுப்பதற்கு முன்பே பாதி வளர்ந்த குலைகளை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் மீதி இருக்கும் பழத்தில் சத்து இறங்கும்.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். நம்ம ஊர் வெயிலில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. விட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் மகாராஷ்டிரா தோட்டங்களில் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு வெட்டு. இது கொடியைத் தயார்படுத்த. மழைக்காலம் முடியும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு வெட்டு. இதுதான் காய்ப்புக்கு. அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை போகும். ஐரோப்பாவில் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் பறிக்கும் பழம், இங்கே பொங்கலுக்குப் பிறகு வருகிறது. இரண்டு கவாத்து, ஆனால் ஒயினுக்கு ஒரே ஒரு அறுவடை.

பறிப்பதும் கையால்தான். வெயில் ஏறுவதற்குள் அதிகாலையிலேயே பறித்து ஆலைக்குக் கொண்டுபோவார்கள். பழம் சூடாகிவிட்டால், தொட்டிக்குப் போகும் முன்பே தானாக நொதிக்க ஆரம்பித்துவிடும்.

ஆலையில்: சாறு சிவப்பு இல்லை, தோல்தான் சிவப்பு

கறுப்புத் திராட்சை ஒன்றைக் கடித்துப் பாருங்கள். உள்ளே சதையும் சாறும் பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். ரெட் ஒயினின் நிறம் முழுக்கத் தோலில் இருந்து வருகிறது. அதனால் சாறைப் பிழிந்து எடுக்காமல், காம்பு நீக்கிய பழத்தை லேசாக உடைத்து, தோல், விதையோடு அப்படியே எஃகுத் தொட்டியில் போடுகிறார்கள்.

அடுத்து ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்கும். இட்லி மாவு இரவில் பொங்குகிற மாதிரிதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். ஒரு லிட்டர் சாறில் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீதம் ஆல்கஹால் வரும் என்பது ஒயின் ஆலைகளின் வாய்ப்பாடு. 13 சதவீத ஒயின் வேண்டுமென்றால் பழத்தில் எவ்வளவு இனிப்பு ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் வாயு, தோல்களை மேலே தள்ளி ஒரு தடித்த மூடி போல மிதக்கவைக்கும். அதை அப்படியே விட்டால் நிறம் இறங்காது, கெட்டும் போகும். அதனால் தினமும் அடியில் இருக்கும் சாறை எடுத்து மேலே ஊற்றியோ, தோலை உள்ளே அமுக்கியோ நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் பெரும்பாலும் 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ரொம்பப் போனால் மணம் பறந்துவிடும், ஈஸ்டும் செத்துவிடலாம்.

இதே சமயத்தில் தோலில் இருந்தும் விதையில் இருந்தும் டானின் இறங்குகிறது. வேறொன்றுமில்லை, துவர்ப்புதான். நாவல் பழம் தின்றால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதே சமாச்சாரம். ஒயின் வருஷக்கணக்கில் கெடாமல் நிற்க இந்தத் துவர்ப்பும் ஒரு காரணம்.

ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒயினை வடித்துவிட்டு, மீதித் தோலைப் பிழிவார்கள். அதன்பிறகு இரண்டாவது மாற்றம். பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் மென்மையான லாக்டிக் அமிலமாக பாக்டீரியா மாற்றும். குடிக்கும்போது நாக்கில் குத்தாமல் இருப்பது இதனால்தான்.

முக்கியமான விஷயம்: இதுவரை எந்தக் கலப்பும் நடக்கவில்லை. ஒவ்வொரு ரகமும், சில நேரம் ஒவ்வொரு பாத்தியும்கூட, தனித்தனித் தொட்டியில்தான் இருக்கும்.

பீப்பாய்க் கணக்கு

உயர்ரக ரெட் ஒயின் அடுத்து ஓக் மரப் பீப்பாய்க்குப் போகிறது. வழக்கமான போர்டோ பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். ஒரு பாட்டில் 750 மில்லி. ஆக, ஒரு பீப்பாய்க்குச் சரியாக 300 பாட்டில். பத்து பீப்பாய் என்றால் 3,000 பாட்டில். 'லிமிடெட்' என்ற வார்த்தையின் அசல் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

பீப்பாய் வெறும் பாத்திரம் இல்லை. மரத்தின் நுண்துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போய் துவர்ப்பைப் பதப்படுத்தும். பீப்பாய் செய்யும்போது உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். வெனிலா, கிராம்பு, புகை போன்ற வாசனைகள் ஒயினில் ஏறுவது அதனால்தான். மூன்று, நான்கு முறை பயன்படுத்தினால் மரத்தில் இருக்கும் வாசனை தீர்ந்துவிடும். புதுப் பீப்பாய் இறக்குமதி செய்ய வேண்டும்.

அதே துளை வழியாக ஒயின் ஆவியாகவும் செய்யும். காலியான இடத்தை அடிக்கடி நிரப்பாவிட்டால் உள்ளே காற்று தேங்கி வினிகர் ஆகிவிடும். வெயில் ஊரில் ஆவியாவது அதிகம். எனவே நிலவறை முழுக்க வருஷம் பூரா குளிரூட்ட வேண்டும். கரன்ட் பில் ஐரோப்பாவை விட நமக்குக் கூடுதல் சுமை.

கலப்பு நாள்: அசெம்பிளி லைனுக்கு நேர் எதிர்

ஒரகடத்தில் ஒரு வண்டி அசெம்பிளி லைனில் வரும்போது, எந்த பாகம் எங்கே என்பது முன்பே முடிவானது. இன்றைக்கு வரும் வண்டியும் நாளைக்கு வரும் வண்டியும் ஒரே மாதிரி இருப்பதுதான் அங்கே தரம்.

ஒயினில் உதிரி பாகமே வருஷா வருஷம் மாறும். போன வருஷம் வெயில் அதிகம், இந்த வருஷம் கடைசியில் மழை என்றால் திராட்சையின் குணமும் வேறு. அதனால் விகிதத்தை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு பீப்பாயில் இருந்தும் மாதிரி எடுத்து, அளவுக் குடுவையில் 60-க்கு 40, 70-க்கு 30 என்று கலந்து, ருசி பார்த்து, துப்பிவிட்டு, மறுபடி கலப்பார்கள்.

இந்திய வெயிலில் இது இன்னும் முக்கியம். வெப்பம் கூடினால் பழத்தில் இனிப்பு வேகமாக ஏறும், புளிப்பு வேகமாகக் குறையும். புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று இருக்கும். சாஞ்சியோவேசே இயல்பிலேயே புளிப்பு அதிகமுள்ள ரகம். கேபர்நே நிறமும் துவர்ப்பும் தரும். இந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்ததில் உள்ள காரணம் புரிகிறதா?

இந்த மேசையில்தான் எண்ணிக்கையும் முடிவாகிறது. மனசுக்குப் பிடிக்காத பீப்பாயை ஓரம் கட்டி, விலை குறைந்த ஒயினுக்கு அனுப்பிவிடுவார்கள். 20 பீப்பாய் ஊறவைத்து 12 மட்டும் தேறினால், 3,600 பாட்டில்தான் வரும். பாட்டிலில் அடைத்த பிறகும் சில மாதங்கள் அப்படியே வைத்திருந்து, அதன்பிறகே விற்பனைக்கு விடுவார்கள்.

அப்போ விலை எங்கே போகுது?

தோராயமாக ஒரு கணக்கு போடலாம். ஒரு கிலோ திராட்சையில் 650 முதல் 700 மில்லி ஒயின் கிடைக்கும். ஒரு பீப்பாயை நிரப்ப 320 முதல் 350 கிலோ பழம் வேண்டும்.

ஏக்கருக்கு 10 டன் காய்க்கவிட்டால் கிட்டத்தட்ட 30 பீப்பாய், அதாவது 9,000 பாட்டில். அதே ஏக்கரில் குலையை வெட்டி 2 டன்னாகக் குறைத்தால் 6 பீப்பாய், 1,800 பாட்டில்தான். நிலம், கூலி, தண்ணீர், மருந்து எல்லாச் செலவும் அந்த 1,800-ன் தலையில் விழும். அதோடு பீப்பாய், குளிரூட்டல், ஒன்றிரண்டு வருஷம் விற்காமல் முடங்கும் பணம், வட்டி.

அதற்கு மேல் மாநில வரி. மது மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒரே பாட்டில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விலைக்கு விற்கும். மகாராஷ்டிரா 2001-லும், கர்நாடகா 2007-லும் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தன. ஒயின் ஆலைகள் அந்த இரண்டு மாநிலங்களிலும் குவிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

கம்பம் பன்னீர் திராட்சையில் ஏன் செய்யவில்லை?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் இந்த ரகத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. உலக அளவில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க்.

மணத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் நாம் பார்த்த வகை ரெட் ஒயினுக்குத் தேவை சின்னப் பழம், தடித்த தோல், நிறைய நிறம், நல்ல துவர்ப்பு. பன்னீர் திராட்சையோ சாப்பிடுவதற்கான பழம். சதைப்பற்று அதிகம், துவர்ப்பு குறைவு. ஒயின் ரகங்களைப் போல இனிப்பு ஏறும்வரை கொடியில் விட்டுவைப்பதும் இல்லை.

பொருளாதாரமும் வேறு. கம்பத்தில் பந்தல் போட்டு, ஆண்டு முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்படி பயிர் செய்கிறார்கள். விவசாயிக்கு வருமானம் எடையில் இருந்து வருகிறது. "குலையை வெட்டிப் போடுங்க, காய் குறையணும்" என்று அவரிடம் சொன்னால், அந்த இழப்புக்கு ஈடாகக் கிலோவுக்குப் பல மடங்கு விலை தர யாராவது ஒப்பந்தம் போட வேண்டும். அது இல்லாமல் தரம் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

அதற்காக இந்த ரகம் ஒயினுக்கே ஆகாது என்று அர்த்தமில்லை. கலிபோர்னியாவில் இதே ரகத்தில் 'பிளாக் மஸ்கட்' என்ற பெயரில் இனிப்பான டெசர்ட் ஒயின் தயாராகிறது. துவர்ப்பை விட்டுவிட்டு மணத்தைப் பிடித்துக்கொண்ட வழி அது.

'ரிசர்வ்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் ரெட் ஒயின் லேபிளில் 'ரிசர்வா' என்று போட வேண்டுமானால், குறைந்தது 3 ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஓராண்டு பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். இது விதி. அமெரிக்காவின் கூட்டாட்சி சட்டத்தில் 'ரிசர்வ்' என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு வரையறை இல்லை. யார் வேண்டுமானாலும் போடலாம்.

எனவே பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் பாருங்கள்:

* அறுவடை ஆண்டு இருக்கிறதா? ஆண்டே இல்லாத 'லிமிடெட்' ஒயினைச் சந்தேகப்படலாம்.
* எந்தெந்த ரகம் என்று சொல்கிறதா? 'சிறந்த திராட்சைகள்' என்று மட்டும் இருந்தால் அது விளம்பரம்.
* பீப்பாயில் எத்தனை மாதம் என்ற விவரம் இருக்கிறதா?
* எத்தனை பாட்டில் அல்லது எத்தனை பீப்பாய் என்ற எண் இருக்கிறதா? எண் இல்லாத 'லிமிடெட்' வெறும் வார்த்தை.
* பாட்டில் எங்கே இருந்தது? நம்ம ஊர் வெயிலில் ஏசி இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் நின்றிருந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் வீண்.

பாட்டிலின் அடியில் மண்டி இருந்தால் பயப்பட வேண்டாம். நிறமும் துவர்ப்பும் நாளாக ஆகச் சேர்ந்து கீழே படிவது பழைய ரெட் ஒயினில் இயல்பு.

ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?

வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய நம்பிக்கை இது. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைக் காரணமாகச் சொல்வார்கள். ஒயினில் அதன் அளவு மிகமிகக் குறைவு. ஆனால் ஆல்கஹால் 13, 14 சதவீதம்.

உடல்நலத்துக்குப் பாதிப்பில்லாத அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் ஆல்கஹால் இருக்கிறது. விலை உயர்ந்த பாட்டில் என்பதால் அந்தப் பட்டியலில் தள்ளுபடி கிடைக்காது.

ஆக, குறைவாகக் காய்க்க வைத்து, குறைவாகத் தேர்ந்தெடுத்து, அதிக நாள் காத்திருப்பதுதான் ஒரு நல்ல ரெட் பிளெண்டின் கதை. இந்த மூன்றும் நடந்திருந்தால் 'லிமிடெட்' என்பதில் அர்த்தம் இருக்கிறது. நடக்கவில்லை என்றால், லேபிளுக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறீர்கள்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.)